ஒரே நாளில் பிறந்த இருபத்து மூன்று பேர்

ஆஸ்பத்திரிகளின் அழுக்கையெல்லாம் வாங்கி வெள்ளையாக்கித் திருப்பி அனுப்புகிற அந்தச் சலவை ஆலையில் பகல் ஷிப்டுக்கு நாற்பத்தோரு பேர். அவர்களில் யாருக்கு என்ன தாள் வந்தாலும் அது முதலில் போய்ச் சேருகிற இடம் மடிப்பு மேஜைதான். அங்கே நிற்பவளை எல்லோரும் வக்கீலக்கா என்பார்கள். சட்டக் கல்லூரி வாசலை அவள் மிதித்ததில்லை, எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் பகல் ஷிப்டின் சங்கப் பிரதிநிதி, பத்தொன்பது வருட சர்வீஸ், அவள் வாயைத் திறந்தால் மேனேஜர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார். விடுப்பு விண்ணப்பமா, மருந்துச் சீட்டா, வாடகை வீட்டு உரிமையாளரின் மிரட்டல் கடிதமா, தலையணை உறையை மடித்துக்கொண்டே வாங்கிப் படித்து, "ஒண்ணும் பயப்படாத, நான் பாத்துக்கறேன்" என்பாள். பார்த்தும் கொள்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்த வருட ஒப்பந்தத்தில் சங்கம் ஒரு புது சரத்தை வாங்கியிருந்தது. படிக்க எழுதத் தடுமாறுகிறவர்களுக்கு ஆலைக்குள்ளேயே வகுப்பு, பாதி வேலை நேரத்தில், பாதி சொந்த நேரத்தில். திருகு குமிழ் வைத்த பழைய இயந்திரங்கள் போய்த் திரை வைத்த புது இயந்திரங்கள் வரப்போகின்றன. குமிழுக்குச் சிவப்பு நாடா, பச்சை நாடா ஒட்டிப் பிழைப்பை ஓட்டியவர்கள் திரையில் எதை ஒட்டுவார்கள்? மேனேஜரும் ஒத்துக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. முதலில் யாருக்கு என்ன தேவை என்று ஒரு கணக்கெடுப்பு நடக்க வேண்டும். தேவை இருந்தால் வகுப்பு, இல்லாவிட்டால் இல்லை.

கணக்கெடுப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே வக்கீலக்கா மடித்துக்கொண்டிருந்த உறையைக் கீழே வைத்தாள். ஆறு வருடம் முன்பு இப்படித்தான் 'திறன் கணக்கெடுப்பு' என்று ஒன்று வந்தது. சிரித்துச் சிரித்துப் பேசி எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம், எழுத்து வராது என்று ஒத்துக்கொண்ட பதினோரு பேர் அழுக்குக் கொட்டடிக்குப் போனார்கள். மூட்டை பிரிக்கிற இடம் அது. இரத்தமும் மற்றதும் காயாமல் வரும். அங்கே வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் கையை மோந்து பார்த்துக்கொள்வார்கள்.

"இந்தத் தடவை ஒருத்தரும் வாயைக் குடுத்து மாட்டிக்க வேணாம்," என்றாள் அவள்.

கணக்கெடுக்க வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் துணிப்பை, காலில் தேய்ந்த செருப்பு. படிப்பம்மா என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கொடுத்தது ஒரே ஒரு தாள். பெயர் வேண்டாம். பிறந்த தேதி, பிரிவு, எத்தனை வருட சர்வீஸ், அதற்குக் கீழே ஒன்பது கேள்விகள். அறிவிப்புப் பலகையைப் படிக்க உதவி தேவையா, சலவை மருந்து டிரம்மின் லேபிளைப் படிக்க உதவி தேவையா, இப்படி.

"எழுதத் தெரியுமான்னு எழுதிக் கேக்கறாங்களே, நீந்தத் தெரியாதவனைக் குளத்துல தள்ளி விட்டு விசாரிக்கற மாதிரி," என்றான் பொட்டலம். அடுக்கிய துணியைக் கட்டி லாரியில் ஏற்றுகிறவன். வாய் மட்டும் எதிலும் கட்டுப்படாது.

வக்கீலக்கா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துத் தன் தாளை முத்து முத்தாக நிரப்பினாள். ஒன்பது கேள்விக்கும் 'தேவையில்லை'. பிறகு அதைச் சாப்பாட்டு அறையில் நடு மேஜையில் வைத்து, மேலே ஒரு தண்ணீர் பாட்டிலையும் வைத்தாள்.

"இதைப் பாத்து எழுதிக் குடுத்துடுங்க. எவனும் நம்மளை அசைக்க முடியாது."

பாய்லர் அறையில் இருக்கும் தன் கணவருக்கு மட்டும் அவளே ஒரு தாளை நிரப்பினாள். அவருடைய பிறந்த தேதி, அவருடைய சர்வீஸ், ஒன்பது 'தேவையில்லை'. மதியம் சாப்பாட்டு டப்பாவோடு கொண்டுபோய் அவர் சட்டைப் பையில் செருகினாள். அவர் எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை, பாய்லர் பேசுகிற சத்தத்துக்கு யார் பேசினாலும் எடுபடாது. மணிக்கொரு தரம் நீராவி அழுத்தத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எண்ணாக எழுதிவிடுவார். எண் அவருக்கு நன்றாக வரும். 'குறிப்பு' என்கிற கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவைப்பார். மதியம் அவள் வருவாள், அவர் சொல்லச் சொல்ல எழுதுவாள், டப்பாவைத் திறப்பாள். பத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

சலவை ஆலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். துணி கையில் பட்டால் விரல் தானாகப் பையைத் தேடும். டாக்டர் கோட்டுகளிலிருந்து கத்தரிக்கோல் வந்திருக்கிறது, ஒரு முறை யாருடைய பல் செட்டோ வந்திருக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டில் கணவரின் சட்டையை ஊறவைக்க எடுத்தபோதும் விரல் பைக்குள் போனது. நான்காக மடித்த தாள் வந்தது. அவள் கையெழுத்து. ஒன்பது 'தேவையில்லை'.

"ஏங்க, இதைக் குடுக்கலையா?"

அவர் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வேற ஒண்ணு குடுத்தேன்."

"வேற எது? யார் எழுதினா?"

"யாரும் எழுதல. பேனாவே வைக்காம வெறும் தாளைக் குடுத்தேன். நீ எழுதினது அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அது நான் இல்லையே."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எதுக்கு இப்படி? நான் இல்லையா உங்களுக்கு? என்னைக்காவது படிச்சுச் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்ல," என்றார் அவர். "அடுத்த மாசம் பாய்லருக்குத் திரை வருது. என்ன கோளாறுன்னு எழுத்துல காட்டுமாம். காலைல காட்டினா, மதியம் நீ வர்ற வரைக்கும் அது காத்திருக்குமா? முடியலைன்னா என்னைக் கொட்டடிக்கு அனுப்பிடுவாங்க. அதைக்கூட விடு. வெளியூர்லேருந்து நம்ம பொண்ணு என் போனுக்கு எழுதி அனுப்பறா இல்ல, அதை நீ படிக்கறப்ப நான் திரையைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். பக்கம் நீளத்துக்கு எழுத்து இருக்கு. உன் வாயில மூணு வரியா வருது."

அவள் சட்டையை வாளிக்குள் அமுக்கினாள்.

மூன்று வரி என்றால் மூன்றே வரிதான். 'எல்லாரும் சௌக்கியம். குழந்தை தவழறா. உடம்பைப் பாத்துக்கோங்க.' மகள் எழுதியது வேறு. மாப்பிள்ளையின் வேலை ஆடிக்கொண்டிருப்பது, குழந்தைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வருவது, எல்லாம் எழுதியிருந்தாள். அவருக்கு எதற்குக் கவலை என்று அவள்தான் வடிகட்டினாள். நல்லதுக்குத்தானே செய்தோம் என்று அன்று இரவு முழுவதும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது நல்லதாகத் தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை. காலையிலேயே படிப்பம்மா கூப்பிட்டு அனுப்பினாள். கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையைக் கொடுத்திருந்தார்கள். மேஜை மேல் தாள்கள் இரண்டு அடுக்காக இருந்தன. ஒன்று தடிமன், மற்றது கொஞ்சம் மெலிவு.

"உக்காருங்க அக்கா. ஒரு அதிசயம் காட்டறேன். இந்த ஷிப்டுல இருபத்து மூணு பேரு ஒரே வருஷம், ஒரே மாசம், ஒரே தேதியில பிறந்திருக்காங்க. இருபத்து மூணு பேருக்கும் மடிப்பு மேஜையிலதான் வேலை. எல்லாருக்கும் பத்தொன்பது வருஷ சர்வீஸ்."

வக்கீலக்கா தடித்த அடுக்கின் முதல் தாளைப் பார்த்தாள். அவளுடைய பிறந்த தேதி. இரண்டாவதிலும் அவளுடைய பிறந்த தேதி. மூன்றாவதில் எழுத்து கோணல் மாணலாக, எழுதியதாக இல்லாமல் வரைந்ததாக இருந்தது, ஆனால் தேதி அதேதான்.

எந்தக் கட்டத்தை அப்படியே எழுத வேண்டும், எதைத் தன்னுடையதாக மாற்றி எழுத வேண்டும் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. படிக்கத் தெரிந்தவளுக்கு அது தோன்றாது. படிக்கத் தெரிந்த பதினேழு பேரும் தங்கள் தேதியைப் போட்டார்கள். தெரியாதவர்கள் ஒரு புள்ளி விடாமல் அவளையே வரைந்து கொடுத்துவிட்டார்கள். உதவி தேவையில்லை என்று சொல்ல வந்த தாளே, யாருக்கெல்லாம் தேவை என்று கூரை மேல் ஏறிக் கூவிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் அறிக்கை குடுக்கணும்," என்றாள் படிப்பம்மா. "இந்தத் தாள்ல இருக்கற மாதிரியே எழுதினா யாருக்கும் தேவையில்லைன்னு ஆகும். வகுப்பு கிடையாது. எனக்குப் புரிஞ்சதை எழுதினா, தாளைக் காட்டச் சொல்வாங்க. சரியான தேதி போட்ட பதினேழு பேரை ஆபீஸ் பதிவேட்டுல கழிச்சா மிச்சம் யாருன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

"அப்புறம் கொட்டடிதான்."

"அது எனக்குத் தெரியாது அக்கா. உங்களுக்குத்தான் தெரியும்."

வக்கீலக்கா கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான், பேரம். "இந்தத் தாள் உங்க யோசனையா?"

"இல்ல. நிர்வாகம் முதல்ல இதை முடிங்கன்னு சொன்னாங்க. என் வழி வேற. ஒவ்வொருத்தரா உக்கார வச்சுப் பேசறது. இங்க இருக்கற லேபிள், இங்க இருக்கற அறிவிப்பு, அதையே கையில குடுத்து எது வரைக்கும் வருதுன்னு பாக்கறது. என்ன கத்துக்க ஆசைன்னு கேக்கறது."

"பேரு எழுதக் கூடாது. தேதியும் கூடாது. எத்தனை பேருக்கு என்ன வேணும்ங்கற எண்ணிக்கை மட்டும்தான் மேல போகணும். கதவு சாத்தியிருக்கணும், வெளிய சங்கத்து ஆள் நிக்கணும். இந்தத் தாளையெல்லாம் இப்பவே எங்கிட்ட குடுத்துடணும்."

"எல்லாம் சரி. ஆனா உள்ள வந்து உண்மையைப் பேசணுமே. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

"நான் சொன்னா நம்புவாங்க," என்றாள் வக்கீலக்கா. சொல்லிவிட்டு எழுந்தவள் கதவருகே நின்றாள். நம்பினார்கள், அதனால்தானே இருபத்து மூன்று பேர் ஒரே நாளில் பிறந்தார்கள்.

மதியம் டப்பாவோடு பாய்லர் அறைக்குப் போனாள். குறிப்புக் கட்டங்களை எழுதி முடித்தாள். பிறகு டப்பாவைத் திறக்காமல் அவர் போனை எடுத்தாள். "போன வாரம் வந்ததை மறுபடி படிக்கறேன். கேளுங்க." மேலிருந்து கீழ் வரை ஒரு சொல் விடாமல் படித்தாள். மாப்பிள்ளை வேலை, காய்ச்சல், வாங்கிய மருந்து எல்லாம் வந்தது. கடைசி வரிக்கு வரும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. 'அப்பா ஒரு தடவை வந்துட்டுப் போனா எனக்குத் தைரியமா இருக்கும்.'

அவர் வால்வைத் திருகிக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை. "எப்ப வந்தது இது?"

"ஒன்பது நாளாச்சு."

அவர் திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தார். "சாப்பிடு, ஆறிப்போகுது. ஞாயித்துக்கிழமை ஷிப்டை யாராவது மாத்திக்குவாங்களான்னு கேட்டுப் பாக்கறேன், போயிட்டு வந்துடறேன்," என்றார்.

ஷிப்ட் முடிந்ததும் சாப்பாட்டு அறையில் எல்லோரையும் கூட்டினாள். மற்ற நாற்பது பேரும் வந்து நின்றார்கள். கை கழுவிய சோப்பு வாடை அறை முழுக்க இருந்தது. அவள் நாற்காலி மேல் ஏறவில்லை. தாள் கட்டை மேஜை மேல் போட்டாள்.

"நேத்து எனக்குப் பிறந்த நாளே இல்ல. ஆனா இருபத்து மூணு பேரு கொண்டாடியிருக்கோம்," என்றாள்.

சிலர் சிரித்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். யார் சிரித்தார்கள், யார் பார்த்தார்கள் என்று அவள் கவனிக்கக் கூடாது என்றே சுவரைப் பார்த்துப் பேசினாள். "தப்பு உங்க மேல இல்ல. எழுதச் சொன்னது நான். உங்களைக் காப்பாத்தறதா நினைச்சு உங்க வகுப்புக்கே ஆப்பு வச்சேன்." தாள்களை எடுத்து எல்லோர் கண் முன்னாலும் குறுக்காகக் கிழித்தாள், மறுபடி கிழித்தாள். "நாளைக்கும் நாளன்னைக்குக் காலைலயும் ஒவ்வொருத்தரா அந்த அறைக்குள்ள போகணும். எழுத ஒண்ணும் இல்ல. பேரும் கேக்க மாட்டாங்க. உள்ளதைச் சொல்லிட்டு வாங்க."

"நீங்க சொல்லிடுவீங்க அக்கா," என்றாள் இஸ்திரி ரோலரில் துணி விடுகிறவள். பதினோரு பேரில் ஒருத்தியாகக் கொட்டடிக்குப் போய் மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தவள். "உங்களுக்கு எழுத்து வருது. உங்களுக்கு என்ன பயம்?"

இந்தக் கேள்வி வரும் என்று வக்கீலக்காவுக்குத் தெரியும். என்ன பதில் என்றும் தெரியும். நாலு வருடமாகத் தெரியும்.

"எழுத்து வரும். ஆனா அந்த வரைபடம் இருக்கு பாருங்க, கோடு மேல போறது, கீழ போறது, கட்டம், சதவீதம். அது எனக்கு வராது. பேச்சுவார்த்தையில மேனேஜர் அதைத்தான் நீட்டுவார். நான் வாங்கிப் பாப்பேன், மண்டையை ஆட்டுவேன், புரிஞ்ச மாதிரி ஒரு கேள்வியும் கேப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை ஷிப்ட் வந்ததுக்கு நாலு வருஷமா மேனேஜரைத் திட்டறோமே. அந்தப் பட்டியல் ஒரு கட்டத்துல இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

நாற்பது குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை அது. வாசல் பக்கம் நின்ற அவள் கணவர் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை. அவருக்கும் இது செய்திதான்.

பொட்டலம்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப என் ஞாயித்துக்கிழமை உங்ககிட்டதான் இருக்கா அக்கா? நான் அந்தாளை இல்ல சபிச்சுக்கிட்டு இருந்தேன்!"

யாரோ பக்கென்று சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் விலகி வெளியே போனார்கள், அவர்களுக்கு அதற்கு உரிமை இருந்தது. ரோலர்காரி மட்டும் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் ஆளா நான் போறேன் உள்ள," என்றாள் வக்கீலக்கா. "வரைபடம் படிக்கக் கத்துக்கணும்னு சொல்லப் போறேன். அடுத்த பேச்சுவார்த்தையில ஞாயித்துக்கிழமையைத் திருப்பி வாங்கணும். அதைப் படிச்சுட்டுத்தான் வாங்குவேன்."

"ரெண்டாவது ஆள் நான்," என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். பாய்லர் சத்தத்தில் பேசிப் பழகிய குரல் என்பதால் அது தேவைக்கு மேல் உரக்க இருந்தது. "எனக்கு எழுத்து வராது. அ-விலேருந்து வேணும்."

அத்தனை பேர் முன்னால் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மூன்றாவதாக ரோலர்காரி கை தூக்கினாள். அதற்குப் பிறகு எண்ண வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கையில் ஒரு பெயர் கூட இல்லை. ஒரு வகுப்பு போதாது, இரண்டு வேண்டும் என்று மட்டும் இருந்தது. மேனேஜர் முதல் தாள்கள் எங்கே என்று கேட்டார். "அதுல பிழை இருந்துச்சு சார், கிழிச்சாச்சு," என்றாள் வக்கீலக்கா. பிழை யாருடையது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கிடங்குக்குப் பக்கத்து அறையில் வகுப்பு தொடங்கிய நாள், துணைக்கு இருக்கலாமே என்று அவள் கணவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ அந்த வரைபட வகுப்புக்குப் போ. பக்கத்துல இருந்தா நான் எழுத்தைப் பாக்க மாட்டேன், உன் வாயைத்தான் பாப்பேன்."

அவள் எழுந்து போனாள். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன்.

ஐந்தாவது மாதம் ஒரு மதியம். புதுத் திரை பாய்லர் மேல் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவரைக் கொட்டடிக்கு அனுப்பும் பேச்சே எழவில்லை. வக்கீலக்கா டப்பாவோடு போனபோது பதிவேட்டின் குறிப்புக் கட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. எழுத்து பெரிது பெரிதாக, கட்டத்தை மீறிக்கொண்டு நின்றது. பேனாவை எடுத்த கையை அவள் மறுபடி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. விரல் ஒவ்வொரு வரிக்கும் கீழே மெதுவாக ஊர்ந்தது, சில இடத்தில் நின்று பின்னால் போய் மறுபடி வந்தது. பக்கம் நீளத்துக்கு இருந்தது எழுத்து. நடுவில் ஒரு முறை சிரித்தார். அப்புறம் ஒரு முறை தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார், வியர்வை மாதிரி. அவள் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கடைசி வரி வரைக்கும் போய்விட்டு அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பொண்ணா? என்ன எழுதியிருக்கா?"

"எல்லாரும் சௌக்கியம்," என்றார் அவர். "குழந்தை நடக்கறா. உடம்பைப் பாத்துக்கச் சொன்னா."

வக்கீலக்கா எண்ணிப் பார்த்தாள். மூன்று வரி. அவள் ஒன்றும் கேட்காமல் டப்பாவைத் திறந்தாள்.